சார்ஜர் தகராறு செய்கிறதா? வீட்டு கராஜில் எங்கிருந்து தேடுவது

புதிதாகச் சுவரில் மாட்டிய மின்சாரக் கார் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தால் பழி முதலில் அந்தப் பெட்டியின் மேல் விழுகிறது. அடுத்து காரின் மேல். நான் வயரிங் வேலை பார்ப்பவன். என்னை அழைத்த வீடுகளில் பெரும்பாலும் கோளாறு இவை இரண்டிலும் இல்லை. மெயின் போர்டிலிருந்து சார்ஜருக்கு வரும் வயரில், அந்த வயரின் இரு முனைகளையும் பிடித்திருக்கும் ஸ்குரூக்களில், அல்லது எர்த்தில் இருந்தது. பெட்டியைத் திருப்பி அனுப்பும் முன், காரை சர்வீஸுக்கு விடும் முன், கீழே உள்ள அடையாளங்களில் உங்களுடையது எது என்று பாருங்கள்.

ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். சுவரில் இருக்கும் பெட்டியை சார்ஜர் என்று அழைத்தாலும், வீட்டுக்கு வரும் ஏசி (மாறுதிசை) மின்சாரத்தை டிசியாக (நேர்திசை) மாற்றி பேட்டரிக்குள் ஏற்றும் உண்மையான சார்ஜர் காருக்குள் இருக்கிறது. சுவர்ப் பெட்டி பார்ப்பது காவல் வேலை. எர்த் இருக்கிறதா, கசிவு இருக்கிறதா, பிளக் முழுதாகப் பொருந்தியதா என்று பார்த்து, ‘இத்தனை ஆம்பியர் வரை எடுத்துக்கொள்ளலாம்’ என்று காருக்குச் சொல்லி, கார் கேட்டதும் உள்ளே இருக்கும் காண்டாக்டரை, அதாவது காருக்கு மின்சாரத்தை விடும் தானியங்கி சுவிட்சை, மூடும். மூடும்போது ‘டக்’ என்று கேட்கும். அந்தச் சத்தத்தை ஒருமுறை கவனித்து வையுங்கள், பின்னால் உதவும்.

பார்ப்பது, முகர்வது, கேட்பது, அமைப்புகளை மாற்றுவது ஆகியவற்றை யாரும் செய்யலாம். மூடியைக் கழற்ற வேண்டிய எந்த வேலையும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனுடையது. அவரும் மெயினை அணைத்து, மீட்டர் வைத்து, மின்சாரம் இல்லை என்று உறுதிசெய்த பிறகுதான் கை வைக்க வேண்டும். கீழே வரும் கணக்குகள் 230 வோல்ட் இணைப்புக்கானவை.

பிளக்கோ பெட்டியோ சுடுகிறது, கருகல் வாசனை வருகிறது

இதை முதலில் வைத்திருக்கிறேன். மற்ற கோளாறுகள் நாளை வரை காத்திருக்கும், இது காத்திருக்காது. காரிலேயே சார்ஜை நிறுத்துங்கள், எம்.சி.பி.யை (மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழும் போர்டு சுவிட்ச்) அணையுங்கள், அதன் பிறகு மேலே படியுங்கள்.

வீட்டில் வேறு எந்தச் சாதனமும் முழு மின்னோட்டத்தை இவ்வளவு நேரம் இழுப்பதில்லை. கெட்டில் ஐந்து நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. அயர்ன் பாக்ஸ் சூடேறியதும் தானே அணைந்து அணைந்து எரிகிறது. கார் அப்படியில்லை, இரவு முழுவதும் இடைவிடாமல் 32 ஆம்பியர் இழுக்கும். ஓர் இணைப்பில் வெறும் 0.1 ஓம் தடை கூடுதலாக இருந்தால், 32 ஆம்பியரில் அந்த இடத்தில் சுமார் 100 வாட் வெப்பம் பிறக்கிறது. பழைய நூறு வாட் குண்டு பல்பின் மொத்தச் சூடும் விரல் நகமளவு பித்தளைத் துண்டுக்குள் அடைபட்டது போல. அதே இணைப்பில் 10 ஆம்பியர் போனால் 10 வாட் மட்டுமே. ‘இத்தனை வருடமாக இதே சாக்கெட்தான், ஒன்றும் ஆகவில்லையே’ என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு வீட்டில் மூடியைக் கழற்றியபோது கண்டதைச் சொல்கிறேன். மூன்று டெர்மினல்களில் இரண்டு பளிச்சென்று இருந்தன. மூன்றாவதில் வயரின் உறை ஒரு விரற்கடை நீளத்துக்குப் பழுப்பேறி, ஸ்குரூவின் ஓரத்தில் சுருங்கி விலகியிருந்தது. உள்ளே செம்பு இழைகள் நிறம் மாறி மங்கியிருந்தன. ஸ்குரூ டிரைவரை வைத்ததும் ஒன்றேகால் சுற்று எந்த எதிர்ப்பும் இல்லாமல் ஓடியது. மாட்டியவர் கையால் ‘இறுகிவிட்டது’ என்று நினைத்து விட்டுவிட்டார். வீட்டுக்காரர் மூன்று வாரமாக மீன் நாற்றம் அடிக்கிறது என்று கராஜின் மூலை முடுக்கெல்லாம் தேடியிருக்கிறார். சூடேறிக் கருகும் சில பிளாஸ்டிக் வகைகளுக்கு மீன் நாற்றம் உண்டு. காரணமில்லாமல் அந்த வாசனை வந்தால் முதலில் ஸ்விட்ச் போர்டுகளையும் சார்ஜரையும் பாருங்கள்.

எங்கே சுடுகிறது என்பதே காரணத்தைச் சொல்லும். மின்சாரத்தை அணைத்த உடனே, வயரின் உறைமேல் புறங்கையை வைத்து நீளவாக்கில் பாருங்கள். வயர் முழுவதும் ஒரே சீராகச் சூடாக இருந்தால் வயர் மெலிது, அல்லது மற்ற வயர்களோடு நெருக்கியடித்துக் குழாய்க்குள் போகிறது. ஒரு முனையில் மட்டும் சூடு என்றால் அந்த இணைப்புதான் குற்றவாளி. லேசான வெதுவெதுப்பு இயல்பு. கையை வைத்திருக்க முடியாத சூடு இயல்பு அல்ல.

சரிசெய்யும் முறையும் ஸ்குரூவை இன்னொரு திருப்பு திருப்புவதோடு முடிவதில்லை. கருகிய செம்பு இறுக்கினாலும் சரியாகத் தொடாது. நல்ல செம்பு வரும் வரை வெட்டி எறிய வேண்டும். கருகிய டெர்மினலையும் மாற்ற வேண்டும். பல இழை வயராக இருந்தால், டெர்மினல் அதைக் கேட்கிறதா என்று தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்து, முனையில் குழல் லக் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சிறு உலோகக் குழல்) போட்டு அழுத்த வேண்டும். இறுக்கும் அளவு அதே கையேட்டில் நியூட்டன் மீட்டரில் எழுதியிருக்கும். குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ஸ்குரூ டிரைவர் இல்லாமல் சார்ஜர் மாட்ட வருபவரை நான் நம்ப மாட்டேன். மாட்டி ஒரு மாதம் கழித்து ஒருமுறை திறந்து பார்ப்பது என் வழக்கம். தினமும் சூடேறி ஆறும் வயர், தளர வேண்டியிருந்தால் அதற்குள் தளர்ந்து காட்டிவிடும்.

சுவர்ப் பெட்டி இல்லாமல், காரோடு வந்த கையடக்கச் சார்ஜரைச் சாதாரண சாக்கெட்டில் செருகுபவர்களுக்கு: சாக்கெட்டில் பிளக் தொளதொளவென்று நின்றால் அதை இன்றே மாற்றுங்கள்; மாற்றும் வரை காரில் மின்னோட்டத்தை 8 அல்லது 10 ஆம்பியருக்குக் குறைத்து வையுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டி கூடவே கூடாது. சுருட்டியபடியே உள்ள வயர் உருளை அதைவிட மோசம்; சுருளுக்குள் பிறக்கும் வெப்பம் வெளியேற வழியே இல்லை.

ஒரு மணி நேரம் நன்றாக ஏறுகிறது, பிறகு எம்.சி.பி. விழுகிறது

போட்ட உடனே விழுந்தால் ஷார்ட் சர்க்யூட். மறுபடி மறுபடி தூக்கிவிட்டுச் சோதிக்காமல் ஆளை அழையுங்கள். அரை மணி, ஒரு மணி கழித்து விழுவது வேறு கதை. அது எம்.சி.பி.க்குள் இருக்கும் ஈருலோகப் பட்டை சூடேறி வளைந்து செய்யும் வேலை. அந்தப் பட்டைக்குத் தன் வழியே போகும் மின்னோட்டத்தின் சூடு, பக்கத்து எம்.சி.பி.யின் சூடு, தன் ஸ்குரூ தளர்ந்ததால் வந்த சூடு என்ற வேறுபாடு தெரியாது.

எம்.சி.பி.யின் மேல் அச்சிட்ட அளவு 30 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையை வைத்துச் சொன்னது. வெயிலில் காயும் கராஜ் சுவரில், மூடிய பெட்டிக்குள், தோளோடு தோள் உரச நிற்கும் 32 ஆம்பியர் எம்.சி.பி.யால் மணிக்கணக்கில் 32 ஆம்பியரைச் சுமக்க முடியாமல் போவதில் வியப்பில்லை. முதலில் அதன் ஸ்குரூக்களைப் பார்க்கச் சொல்லுங்கள். அவை சரி என்றால், இரண்டு பக்கமும் இடைவெளி விட்டு மாட்டச் சொல்லுங்கள். அப்போதும் விழுந்தால் சார்ஜரின் உச்ச மின்னோட்டத்தை 28 அல்லது 25 ஆம்பியருக்குக் குறையுங்கள். ஓர் இரவில் ஏறும் அளவில் அது பெரிய இழப்பு அல்ல.

‘40 ஆம்பியர் எம்.சி.பி. போட்டுவிட்டால் சரியாகிவிடும்’ என்று யாராவது சொன்னால் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த வயர் எத்தனை சதுர மில்லிமீட்டர்? எம்.சி.பி. காப்பது வயரை. வயரின் குறுக்களவையும், அது போகும் வழியையும், சுற்றியுள்ள சூட்டையும் கணக்கிட்டு, 40 ஆம்பியரை அது தாங்கும் என்று தெரிந்த பிறகு மாற்றினால் அது முறையான தீர்வு. வட அமெரிக்க விதிகள் தொடர் சுமைக்கு 25 சதவீதம் கூடுதல் அளவு வேண்டும் என்றே கேட்கின்றன. வயரைப் பார்க்காமல் மாற்றினால், இதுவரை விழுந்து எச்சரித்ததன் வாயை அடைத்துவிட்டு, அடுத்த எச்சரிக்கையைச் சுவருக்குள் இருக்கும் வயரிடமிருந்து எதிர்பார்க்கிறீர்கள் என்று பொருள்.

ஆர்.சி.சி.பி. விழுகிறது

ஆர்.சி.சி.பி. என்பது மின்சாரம் எர்த்துக்குக் கசிந்தால் தானே விழும் சுவிட்ச். எப்போது விழுகிறது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். நேரமே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

காரைச் செருகாமலேயே விழுந்தால், கார் நிரபராதி. வயரிங்கில் நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொடுகிறது, அல்லது ஃபேஸை ஓர் ஆர்.சி.சி.பி.யிலிருந்தும் நியூட்ரலை வேறொன்றின் பட்டையிலிருந்தும் எடுத்திருக்கிறார்கள். புதிதாக மாட்டிய அன்றே தலைகாட்டும் கோளாறு இது. நெரிசலான போர்டில் நல்ல வேலைக்காரருக்கும் நேரும் தவறு.

மழைக்குப் பின் விழுந்தால் ஈரம். பெட்டியின் மேற்புறத்தில் துளையிட்டு வயரை இறக்கியிருந்தால், வயரைப் பிடித்துக்கொண்டே நீர் உள்ளே இறங்கும். வயர் அடியிலிருந்து ஏற வேண்டும். ஏறும் முன் கீழே ஒரு வளைவு தொங்க வேண்டும். வயர் நுழையும் துளையை அடைக்கும் கிளாண்ட் இறுகியிருக்க வேண்டும். காரில் செருகும் துப்பாக்கிப் பிளக்கைத் தரையில் போடும் பழக்கம் இருந்தால் அதன் ஊசிகளின் அடியிலும் ஈரமும் மண்ணும் இருக்கும். மெகர் வைத்து வயரின் காப்பைச் சோதிக்கலாம். ஆனால் 500 வோல்ட் மெகரைப் போடும் முன் வயரைச் சார்ஜரிலிருந்து கழற்றிவிட வேண்டும். மறந்தால் சார்ஜரின் மின்னணுப் பலகை அந்த நிமிடமே போய்விடக்கூடும்.

சார்ஜ் ஏறும்போது, காரணம் பிடிபடாமல், எப்போதாவது விழுந்தால் அந்த ஆர்.சி.சி.பி.யின் பின்னால் வேறு என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் 15க்கு மேல் எந்தப் புள்ளியிலும் அது விழலாம். குளிர்பெட்டி, கணினி, வாஷிங் மெஷின் ஒவ்வொன்றும் சிறிது சிறிதாகக் கசியவிடும்; காரின் சார்ஜரும் தன் பங்குக்குச் சிறிது சேர்க்கும். காருக்குத் தனி ஆர்.சி.சி.பி. போட்டால் பல வீடுகளில் பிரச்சினை அன்றோடு முடிகிறது.

விழாமலே இருக்கும் ஆர்.சி.சி.பி. பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. ஆர்.சி.சி.பி.யில் வகைகள் உண்டு. ஏசி வகை, சீரான ஏசிக் கசிவை மட்டுமே அறியும். காருக்குள் ஏசி டிசியாக மாறுவதால் கசிவும் டிசியாக இருக்க வாய்ப்புண்டு. டிசிக் கசிவு ஆர்.சி.சி.பி.யின் இரும்பு வளையத்தைச் செறிவூட்டி அதன் கண்ணைக் கட்டிவிடும். அதன் பிறகு மனிதரைத் தாக்கும் ஏசிக் கசிவு வந்தாலும் அது விழாமல் நிற்கலாம். எனவே 6 மில்லி ஆம்பியர் டிசிக் கசிவைக் கண்டறியும் வசதி சார்ஜருக்குள்ளேயே இருந்தால், போர்டில் ஏ வகை போதும். அந்த வசதி இல்லையென்றால் பி வகை வேண்டும். ஏசி வகை எந்த நிலையிலும் காருக்கு உதவாது. உங்கள் ஆர்.சி.சி.பி.யின் முகப்பைப் பாருங்கள். ஒரு கட்டத்துக்குள் வெறும் அலைக்கோடு மட்டும் இருந்தால் அது ஏசி வகை. அலைக்கோட்டின் கீழே அரை வளைவுகளும் இருந்தால் ஏ வகை.

‘எர்த் இல்லை’ என்கிறது

இந்தச் செய்தி வந்ததும், கடையில் கிடைக்கும் ஏதாவது அடாப்டரைப் போட்டோ, சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் சிறு வயர்த் துண்டால் இணைத்தோ சார்ஜரை ஏமாற்றிவிடுபவர்கள் இருக்கிறார்கள். சார்ஜரும் பச்சை விளக்கைக் காட்டும். காரும் ஏறும். ஆனால் நியூட்ரல் வயர் என்றாவது எங்காவது விட்டுப்போனால், அந்தத் துண்டு வயர் வழியே காரின் உடம்பு முழுவதும் 230 வோல்ட் வந்து நிற்கும். கார் ரப்பர் டயர்களின் மேல் நிற்கிறது. கதவைத் திறக்க வருபவர் ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கலாம். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள், யார் செய்து தந்தாலும் ஏற்காதீர்கள்.

உண்மையான காரணத்தைக் கண்டுபிடிக்க எலக்ட்ரீஷியனுக்கு மீட்டரில் மூன்று அளவுகள் போதும். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறத்தாழ அதே 230. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே சுழியம் அல்லது ஓரிரு வோல்ட். அப்படி இல்லாமல் எர்த் வயர் நடுவில் தொங்குவது போல 130, 100 என்று பிரிந்து காட்டினால், எர்த் எங்கோ அறுந்திருக்கிறது; பக்கத்து வயர்களின் தூண்டலால் வரும் போலி அளவு அது. அளவுகள் இடம் மாறியிருந்தால் ஃபேஸும் நியூட்ரலும் மாறிப் பொருத்தப்பட்டுள்ளன. சில சார்ஜர்கள் அதையும் எர்த் கோளாறாகவே காட்டும். மூன்றும் சரியாக இருந்தும் செய்தி போகவில்லை என்றால் எர்த் இருக்கிறது, ஆனால் பலவீனம். எர்த் பாதையின் மொத்தத் தடையை அளக்கும் லூப் இம்பிடன்ஸ் மீட்டர்தான் அதைச் சொல்லும். மண் காய்ந்தால் எர்த் கம்பியின் தடை கூடும். கோடையில் மட்டும் இந்தச் செய்தி வரும் வீடுகளில் நான் நேராக எர்த் குழிக்குத்தான் போவேன்.

ஜெனரேட்டரிலோ இன்வெர்ட்டரிலோ ஓடும்போது மட்டும் வந்தால், அந்தக் கருவியின் நியூட்ரல் எர்த்தோடு இணையாமல் மிதக்கிறது. அதை இணைக்கும் இடமும் முறையும் அந்தக் கருவிக்கென்று விதிக்கப்பட்டவை. சாக்கெட்டில் செய்கிற வேலை அல்ல.

விளக்கு எரிகிறது, காரைச் செருகினாலும் ஏறவில்லை

‘டக்’ சத்தம் கேட்டதா? கேட்கவில்லை என்றால் காரும் பெட்டியும் இன்னும் பேசி முடிக்கவில்லை. அவை பேசுவது ஒரு மெல்லிய சைகை வயரில். கார் இல்லாதபோது அதில் 12 வோல்ட் இருக்கும். செருகியதும் கார் அதை 9க்கு இறக்கும். ‘வந்துவிட்டேன்’ என்று பொருள். ஏற்றத் தயாரானதும் 6க்கு இறக்கும். பெட்டி அதே வயரில் நொடிக்கு ஆயிரம் துடிப்புகள் அனுப்பி, துடிப்பின் அகலத்தால் ஆம்பியரைச் சொல்லும். 16 ஆம்பியருக்கு ஏறத்தாழ 27 சதவீதம், 32க்கு 53.

இதை வைத்துப் பார்த்தால் தேட வேண்டிய இடம் தானே தெரியும். ‘கார் இணைக்கப்படவில்லை’ என்றே பெட்டி காட்டினால் பிளக் முழுதாக உட்காரவில்லை, அல்லது சைகை ஊசியில் மண் அடைந்திருக்கிறது. கழற்றி, பார்த்து, துடைத்து, கொக்கி விழும் வரை அழுத்துங்கள். ‘இணைந்தது, காத்திருக்கிறது’ என்று காட்டினால் கார்தான் கேட்கவில்லை. இரவு பன்னிரண்டு மணிக்குத் தொடங்கும்படி நேர அட்டவணை இருக்கும். அல்லது 80 சதவீத வரம்பு ஏற்கெனவே எட்டியிருக்கும். காரிலும் சார்ஜரின் செயலியிலும் தனித்தனி அட்டவணை வைத்து, இரண்டும் ஒத்துப்போகாத நிலையை அடிக்கடி பார்க்கிறேன். ஒன்றை நீக்கிவிடுங்கள். கார்டு தட்டினால்தான் தொடங்கும் என்ற அமைப்பு இயங்குகிறதா என்றும் பாருங்கள்.

‘டக்’ கேட்டு, உடனே இன்னொரு ‘டக்’ கேட்டு நின்றால் காரின் திரையில் வரும் செய்தியைப் படம் எடுத்து வையுங்கள். இன்னொரு இடத்துச் சார்ஜரில் அதே காரும், உங்கள் சார்ஜரில் இன்னொரு காரும் என்று மாற்றிச் செருகிப் பார்த்தால், எந்தப் பக்கம் பழுது என்று ஐயமின்றித் தெரிந்துவிடும்.

ஏறுகிறது, ஆனால் மெதுவாக

காருக்குள் இருக்கும் சார்ஜரின் அளவை மீறி எந்தப் பெட்டியாலும் ஏற்ற முடியாது. இதுவே முதல் பதில், பல நேரம் கடைசிப் பதிலும். 22 கிலோவாட் மூன்று ஃபேஸ் பெட்டி வாங்கிவிட்டு, ஒற்றை ஃபேஸ் காரில் 7 கிலோவாட்தான் வருகிறது என்று வருந்துபவர்கள் உண்டு. 11 கிலோவாட் பெட்டியில் அதே கார் 3.7 கிலோவாட்தான் எடுக்கும். அந்தப் பெட்டி ஒரு ஃபேஸுக்கு 16 ஆம்பியர் மட்டுமே தருவதே காரணம்.

காரின் திறன் கூடுதலாக இருந்தும் வரவில்லை என்றால், பெட்டிக்குள் மின்னோட்ட அளவைத் தேர்ந்தெடுக்கும் சிறு சுவிட்சைப் பார்க்கச் சொல்லுங்கள். அது தொழிற்சாலையில் வைத்த 16 ஆம்பியரிலேயே கிடக்கலாம். கார் இந்த இடத்துக்கென்று நினைவில் வைத்திருக்கும் வரம்பையும் பாருங்கள். கடுங்குளிரில் பேட்டரியைச் சூடாக்கவே ஒரு பங்கு மின்சாரம் போகும். நேர் வெயில் படும் பெட்டி சூடேறித் தானே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இவை எதுவும் இல்லையென்றால் வோல்டேஜ். சார்ஜ் ஏறாதபோதும், முழு வேகத்தில் ஏறும்போதும் காரின் திரை காட்டும் வோல்டேஜைக் குறியுங்கள். 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில், 25 மீட்டர் தொலைவில், 32 ஆம்பியரில் விழ வேண்டியது சுமார் 5 அல்லது 6 வோல்ட் மட்டுமே. தெருவிலிருந்து வரும் இணைப்பில் விழுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படியும் 230லிருந்து 205க்கு இறங்குகிறது என்றால் வயர் மெலிது, அல்லது ஓர் இணைப்பு கெட்டிருக்கிறது. அப்போது இது வேகப் பிரச்சினை அல்ல. இந்தக் கட்டுரையின் முதல் பகுதிக்குத் திரும்புங்கள்.

ஏறுகிறது, நிற்கிறது, மறுபடி ஏறுகிறது

வீட்டின் மொத்தச் சுமையைப் பார்த்துக் காருக்கு விட்டுக்கொடுக்கும் அமைப்பு இருந்தால், மெயின் வயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் சி.டி. வளையத்தை முதலில் பாருங்கள். அதன் மேலுள்ள அம்பு கையேட்டில் காட்டிய பக்கம் இருக்க வேண்டும். ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துக் கவ்வியிருந்தால் அது எப்போதும் சுழியமே காட்டும். மூன்று ஃபேஸ் வீட்டில் வளையங்கள் ஃபேஸ் மாறிக் கிடந்தால், அடுப்பைப் போட்டதும் சம்பந்தமே இல்லாமல் கார் நிற்கும்.

சூரிய மின்தகட்டின் உபரியில் மட்டும் ஏற்றுபவர்களுக்கு மேகம் போதும். 6 ஆம்பியருக்குக் கீழே பெட்டியால் காருக்கு அளவு சொல்லவே முடியாது. 6 ஆம்பியர் என்பது ஒற்றை ஃபேஸில் சுமார் 1.4 கிலோவாட், மூன்று ஃபேஸில் 4.1. உபரி அந்தக் கோட்டின் மேலும் கீழும் ஆடினால் காண்டாக்டர் நாள் முழுவதும் டக் டக் என்று அடித்துக்கொண்டிருக்கும். அதன் ஆயுளுக்கு நல்லதல்ல. தொடங்கவும் நிறுத்தவும் சில நிமிடத் தாமதம் வைக்கும் அமைப்பு செயலியில் இருக்கும். அல்லது குறைந்தபட்ச 6 ஆம்பியரைக் கிரிட்டிலிருந்து எடுக்க அனுமதியுங்கள்.

பெட்டியில் விளக்கே எரியவில்லை

எம்.சி.பி., ஆர்.சி.சி.பி., கராஜுக்கென்று தனி ஐசொலேட்டர் (இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் அது ஆகிய மூன்றையும் பாருங்கள். மூன்றும் மேலே இருந்தும் விளக்கு இல்லையென்றால் இணைப்பு விட்டிருக்கிறது. நீங்கள் செய்ய வேறு ஒன்றும் இல்லை.

பிளக் வர மறுக்கிறது

காரைத் திறந்து பூட்டி மறுபடி திறங்கள். சார்ஜை நிறுத்திவிட்டு, பிளக்கை முதலில் உள்ளே லேசாக அழுத்தி, அப்படியே பிடித்துக்கொண்டு திறக்கும் பொத்தானை அமுக்குங்கள். வயரின் கனம் பிளக்கைக் கீழே இழுத்துப் பூட்டூசியை நெரித்திருந்தால் இதிலேயே விடும். விடவில்லை என்றால், பல கார்களில் டிக்கியின் உட்புற மூடிக்குப் பின்னாலோ பானெட்டின் கீழோ கையால் இழுக்கும் கயிறு ஒன்று இருக்கும்; காரின் கையேட்டில் படத்தோடு இருக்கும். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் உடைவது காரின் சாக்கெட்; பிளக்கைவிட அதை மாற்றுவது பெரிய வேலை.

செயலியில் மட்டும் தெரியவில்லை

பல சார்ஜர்களின் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்கும். ரௌட்டர் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தள்ளினால் இணையாது, 2.4க்குத் தனிப் பெயர் வைத்து இணையுங்கள். கராஜின் இரும்புக் கதவை மூடும்போது மட்டும் இணைப்பு போனால், ரௌட்டரைக் கராஜை ஒட்டிய சுவர்ப்பக்கம் நகர்த்திப் பாருங்கள். கார்டு, அட்டவணை போன்ற கட்டுப்பாடு எதுவும் வைக்காத வரை, இணையம் இல்லாமலும் பெரும்பாலான பெட்டிகளில் கார் வழக்கம்போல் ஏறும்.